கல் கொட்டும் முன் காது கொடுங்கள்: கடலோர நகரங்களை ஆள்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலோர மாநகரங்களின் மேயர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், கரையோரச் சட்டங்களை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு தூண்டில் வளைவிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பிலிருந்து, தொடங்குகிறேன். கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் அது கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே கல் கொட்டி வளைவு கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது, அங்கே கரை அரிக்கும். பொறியாளர்களுக்கு இது பாலபாடம். ஆனால் அந்த வளைவுக்கு ஒப்புதல் தரும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் மணல் சேரப்போகும் பக்கத்துக்காரர்கள். கரை போகப்போகும் பக்கத்துக்காரர்களுக்குச் செய்தி தெரிவதே கல் லாரிகள் வந்து நிற்கும்போதுதான். அவர்கள் வழக்குப் போடுகிறார்கள். விசாரணை தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. "கட்டி முடித்ததை எப்படி இடிப்பது?" என்ற கேள்வியோடு வழக்கும் முடிந்துவிடுகிறது.

கடலோரத் தகராறுகளின் தீர்ப்புகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். நாடு வேறு, சட்டம் வேறு, மொழி வேறு. இருந்தும் கதை திரும்பத் திரும்ப இதேதான். தாங்கும் திறன் கொண்ட நகரம் என்று நீங்கள் பேசும்போதெல்லாம் தடுப்புச்சுவர், நீரேற்று நிலையம், சதுப்புநிலக் காடு, மழைநீர் வடிகால் என்று பட்டியல் வருகிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைக் காப்பாற்றும், வேறு யாரோ ஒருவரின் நிலத்தையோ தொழிலையோ வழியையோ எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு பேரும் எங்கே போய்ப் பேசுவது, யார் கேட்பது, எத்தனை நாளில் முடிவு சொல்வது? பட்டியலில் அது மட்டும் இருப்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல். சுவருக்கு முன்னால் விசாரணை மன்றத்தை அமையுங்கள்.

கடல் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். இது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளிடைக் குழுவின் ஆறாவது மதிப்பீடு தரும் கணக்கு. தாழ்வான கடலோரப் பகுதிகளில் 2020இல் சுமார் 90 கோடிப் பேர் வாழ்ந்தார்கள் என்றும் அதே மதிப்பீடு சொல்கிறது. இத்தனை பேரின் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே இருக்கும் அந்தச் சிறு நிலப்பட்டைக்காகத்தான் இனி வரும் பல பத்தாண்டுகளின் வழக்குகள் நடக்கப்போகின்றன.

முன்கூட்டியே காது கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 1953 பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலை வந்த கடல் வெள்ளத்தில் அந்நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த டெல்டா திட்டம், அந்தக் கழிமுகத்தை ஓர் அணையால் முழுக்க மூடிவிட முடிவு செய்தது. அப்போது பெரிதாக யாரும் மறுக்கவில்லை. சாவு வீட்டில் எப்படி மறுப்பது? ஆனால் 1970களின் தொடக்கத்தில், வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, சிப்பி வளர்ப்பவர்களும் மீனவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், நின்றுபோனால் உப்புநீர் நன்னீராகும், சிப்பி அழியும், கழிமுகமே செத்துவிடும் என்றார்கள். அரசு ஒரு குழுவை அமைத்துக் கேட்டது. 1976இல் நாடாளுமன்றம் திட்டத்தையே மாற்றியது. மூடிய அணைக்குப் பதிலாகத் திறந்து மூடும் கதவுகள். 65 தூண்கள், 62 எஃகுக் கதவுகள். 1986 அக்டோபர் 4 அன்று அது திறக்கப்பட்டது. சாதாரண நாளில் கதவுகள் திறந்திருக்கும், கடல் உள்ளே வந்து போகும். புயல் அலை வரும்போது மட்டும் மூடும்.

செலவு கூடியது, காலம் கூடியது, உண்மைதான். எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். நீரோட்டம் குறைந்ததால் ஓதத் திட்டுகளின் மணல் அரித்துக்கொண்டே போகிறது, அதற்கு அங்கே "மணல் பசி" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதுகாப்பு வேண்டும் என்றவர்களும் பிழைப்பு வேண்டும் என்றவர்களும் ஒரே கட்டுமானத்துக்குள் இடம் பெற்றார்கள். அது நடந்ததற்குக் காரணம், கேட்டபோது கழிமுகம் இன்னும் மூடப்படாமல் இருந்தது. பத்து ஆண்டு தாமதித்துக் கேட்டிருந்தால் இழப்பீடு எவ்வளவு என்பது மட்டும்தான் பேச்சாக இருந்திருக்கும்.

இதன் மறுபக்கம் ஜகார்த்தா விரிகுடா. கடலில் மண் கொட்டி 17 செயற்கைத் தீவுகள் எழுப்பும் திட்டம். மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் நிர்வாக நீதிமன்றம் ஒரு தீவின் அனுமதியை ரத்து செய்தது, பிறகு மேல்முறையீட்டில் அந்த வெற்றி பறிபோனது. 2018 செப்டம்பரில் ஜகார்த்தா ஆளுநர் 13 தீவுகளின் அனுமதியைத் திரும்பப் பெற்றார். மீதி நான்கு? அவை ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தன. எனவே நின்றன. எது சட்டப்படி சரி என்பதைவிட எது முதலில் கட்டப்பட்டது என்பதே விடையைத் தீர்மானித்ததுபோல் ஆகிவிட்டது. வழக்கு நடக்கும் காலத்தில் வேலையும் நடக்க விட்டால் எந்த நகரத்திலும் இதுதான் முடிவாக இருக்கும்.

கொச்சியை ஒட்டிய மரடு இன்னும் கசப்பான கதை. 2006இல் உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதி தருகிறது. அடுத்த ஆண்டே அந்த அனுமதி கேள்விக்குள்ளாகிறது. வழக்கு நடக்க, கட்டடங்களும் எழுகின்றன, குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் குடியேறுகின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் 4 அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை, கரை காக்கப்படவேண்டும். ஆனால் அனுமதிக்கும் இடிப்புக்கும் நடுவில் போன அந்த 13 ஆண்டுகளை நினைத்தால் மனம் ஆறவில்லை. அடித்தளம் போடும் முன் ஆறு மாதத்தில் ஒரு மன்றம் தெளிவான விடை சொல்லியிருந்தால் வீட்டை இழந்து தெருவில் நின்றவர்கள் அங்கே வீடு வாங்கியிருக்கவே மாட்டார்கள். தவறு செய்தவர்களைவிட, அனுமதிச் சீட்டை நம்பி வாங்கியவர்கள்தான் அந்தத் தாமதத்துக்கு அதிகம் விலை கொடுத்தார்கள்.

சரி, மன்றம் என்கிறேன், யார் அதில் உட்காருவது? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1979இல் சட்டம் இயற்றி, 1980 முதல் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றத்தை நடத்தி வருகிறது. அங்கே நீதிபதிகளோடு ஆணையர்களும் இருக்கிறார்கள். நகரமைப்பு, பொறியியல், சூழலியல் போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவர்கள். பல வழக்குகளில் ஓர் ஆணையர் நேரே இடத்துக்குப் போய், இரு தரப்பையும் அங்கேயே நிற்க வைத்துப் பேச்சு நடத்துகிறார். உடன்பாடு வந்தால் அதையே முடிவாக்குகிறார், வராவிட்டால் விசாரணை. இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதித்துறை உறுப்பினர்களையும் துறை வல்லுநர்களையும் ஒரே அமர்வில் வைத்தது. மணல் எப்படி நகரும் என்று தெரிந்தவர் அமர்விலேயே இருந்தால், இரண்டு தரப்பும் காசு கொடுத்துக் கூட்டிவரும் நிபுணர்களின் சண்டையில் வழக்கு சிக்கிக்கொள்வது குறையும்.

அதே சமயம், அறிவியல் என்ற பெயரைச் சொல்லி யாருடைய வாயையும் அடைக்காதீர்கள். நியூசிலாந்தின் காப்பிட்டி கடற்கரையில் 2012இல் மாவட்ட மன்றம் கடலரிப்பு எந்த இடம்வரை வரும் என்று 50 ஆண்டு, 100 ஆண்டுக் கோடுகளை வரைந்து, சுமார் 1,800 வீடுகளின் நில ஆவணங்களில் அதைக் குறித்துவிட்டது. முன்னெச்சரிக்கை என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். பின்னர் ஆராய்ந்த வல்லுநர் குழுவும் அந்தக் கோடுகள் திட்ட விதியாகும் அளவுக்கு உறுதியானவை இல்லை என்றது. மாவட்ட மன்றம் பின்வாங்கியது. கடல் ஏறுகிறது என்பதில் அங்கே யாருக்கும் நியாயமான ஐயம் இருந்திருக்க முடியாது. கோடு போட்ட விதத்தைக் கேள்வி கேட்க முதலிலேயே ஒரு வழி இருந்திருந்தால், அந்தக் கோட்டைத் திருத்தியாவது காப்பாற்றியிருக்கலாம். வழி இல்லாததால் கோடே போனது, அதோடு மக்களின் நம்பிக்கையும் போனது. வரைபடத்தை வெளியிடும் அன்றே அதை எதிர்த்துப் பேசும் படிவத்தையும் வெளியிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் எல்லை. மணலுக்கும் வெள்ளத்துக்கும் வார்டு எல்லை தெரியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரையோரத் திட்டங்களுக்கு அடிப்படையாக மணல் வட்டங்களைத்தான், அதாவது மணல் பெரும்பாலும் தனக்குள்ளேயே நகரும் கரைப் பகுதிகளைத்தான், எடுத்துக்கொண்டார்கள். அப்படி 11 பெரிய வட்டங்கள். நெதர்லாந்தின் நீர் வாரியங்கள் இன்னும் பழையவை. ரைன்லாந்து வாரியத்துக்கு 1255இலேயே சாசனம் இருந்தது. இன்று அந்த நாட்டில் 21 வாரியங்கள் இருக்கின்றன. அவை தாங்களே வரி வசூலிக்கின்றன, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்துகின்றன, நீர் எங்கே ஓடுகிறதோ அதுதான் அவற்றின் எல்லை. இந்த ஏற்பாட்டை அப்படியே எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் பக்கத்து நகரம் உங்கள் மன்றத்தில் வந்து வாதாட உரிமை பெறுவதற்கு எழுநூறு ஆண்டு வரலாறு தேவையில்லை, ஒரு தீர்மானம் போதும். உங்கள் சுவரால் யாருடைய கரை போகுமோ அவர், அவர் உங்கள் வாக்காளர் இல்லாவிட்டாலும், உங்கள் விசாரணையில் ஒரு தரப்பு.

எல்லையைவிடப் பெரிய சிக்கல் துறைகள். துறைமுகம் ஒருவரிடம், வடிகால் இன்னொருவரிடம், மீன்வளம் மூன்றாமவரிடம், கழிவுநீர் நான்காமவரிடம். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவார், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார். மணிலா விரிகுடா வழக்கு இதை உடைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விரிகுடா சாக்கடையாகிவிட்டது என்று 1999இல் குடியிருப்பவர்கள் தொடுத்த வழக்கு. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2008 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்தபோது, பல அரசு அமைப்புகளின் பெயரைத் தனித்தனியே எழுதி, யார் எதைச் செய்யவேண்டும் என்று சொன்னது. அதோடு கோப்பை மூடவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை தரச் சொன்னது, மேற்பார்வைக்கு ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. தீர்ப்புக்குப் பிறகும் நீதிமன்றம் கண்காணித்துக்கொண்டே இருக்கும் இந்த முறைக்குத் தொடர் நீதிப்பேராணை என்று பெயர்; அந்தக் கருத்தை இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளிலிருந்து எடுத்துக்கொண்டது. 2010இல் அதைச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தன் நடைமுறை விதிகளிலேயே சேர்த்தது. விரிகுடா முழுக்கத் தூய்மையாகிவிடவில்லை. ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடும் பழக்கத்துக்கு அது ஒரு மாற்று காட்டியது. கரை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை சொன்ன உத்தரவு அடுத்த புயலுக்குப் பின் பொருந்தாமல் போகலாம். கடலோர வழக்குகளில் கோப்பு திறந்தே இருக்கவேண்டும்.

இழப்பீடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உங்களில் பலரும் முடிவெடுக்கத் தயங்குவதற்கு உண்மையான காரணம் அதுதான். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒருவர் 1986இல் கடலோரத்தில் இரண்டு மனைகளை 9,75,000 டாலருக்கு வாங்கினார். 1988இல் வந்த கடற்கரைச் சட்டம் அங்கே வீடு கட்டத் தடை போட்டது. லூகாஸ் வழக்கு என்று அறியப்படும் அதில், 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிலத்தின் பொருளாதாரப் பயன் முழுவதையும் பறித்தால், அந்த நிலத்தின் உரிமையிலேயே முன்பிருந்து அப்படியொரு வரம்பு இல்லாதபோது, இழப்பீடு தந்தாக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு பல கடலோர நிர்வாகங்களைப் பயமுறுத்தியது. ஆனால் அதே நாட்டின் இன்னொரு வழக்கையும் சேர்த்துப் படியுங்கள். நியூஜெர்சியின் ஹார்வி சீடர்ஸ் என்னும் சிற்றூரில் புயலைத் தடுக்க 22 அடி மணல்மேடு எழுப்பினார்கள். கடல் தெரியும் காட்சி மறைந்துவிட்டது என்று ஒரு வீட்டின் உரிமையாளர்களுக்கு நடுவர் குழு 3,75,000 டாலர் வழங்கியது. 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. காட்சி போனதைக் கணக்கிட்டால், மணல்மேடு அதே வீட்டைக் காப்பாற்றுவதையும் கணக்கிடவேண்டும் என்றது. பிறகு அந்த வழக்கு ஒரு டாலருக்குச் சமரசமானது. இழப்பை மட்டும் எழுதும் கணக்கு அரைக் கணக்கு என்று அந்த நீதிமன்றம் புரியவைத்தது.

இந்த இரண்டு வழக்கிலும் வந்தவர்கள் கையில் பத்திரம் இருந்தது. பத்திரம் இல்லாதவர்களின் கதையை லாகோஸில் பாருங்கள். ஒட்டோடோ பாமே என்ற நீர்க்கரை மீனவர் குடியிருப்பு. நீதிமன்றத்தின் தடையாணை இருந்தபோதே 2016 நவம்பரில் மக்களை வெளியேற்றத் தொடங்கினார்கள், 2017இலும் அது தொடர்ந்தது. 2017 ஜூனில் லாகோஸ் மாநில உயர் நீதிமன்றம், மாற்றிடம் தராமல் வெளியேற்றியது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. ஆனால் அதற்குள் வீடுகள் இல்லை. கடலைச் சார்ந்தே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களுக்குக் கரையின் மீதுள்ள உரிமை பெரும்பாலும் ஏட்டில் இருக்காது. வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் மணல், நடந்து போகும் பாதை இதெல்லாம் பயன்பாட்டு உரிமைகள். உங்கள் விசாரணை மன்றம் பத்திரத்தை மட்டுமே வாசல் சீட்டாக வைத்தால் அதிகம் இழக்கப்போகிறவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். பயன்பாட்டைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சார்பில் வாதாட ஒரு வழக்கறிஞருக்கும், அறிக்கைகளைப் படித்துச் சொல்ல ஒரு நிபுணருக்கும் நகரமே பணம் ஒதுக்கட்டும். சுவரின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே இல்லை.

சமரசப் பேச்சு பற்றி ஒரு வார்த்தை. அண்டை வீட்டுக்காரர்களின் சண்டை, வேலை நேரம், இழப்பீட்டுத் தொகை, மாற்றிடம் இவற்றுக்கெல்லாம் சமரசம் நல்லது, வேகமானது. ஆனால் பொதுக் கரையையும் சதுப்புநிலத்தையும் இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து விட்டுக்கொடுக்க முடியாது, அது அவர்களுடையது அல்ல. அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்ற பொது நம்பிக்கைக் கோட்பாட்டைப் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. எனவே பொது நிலம் சம்பந்தப்பட்ட எந்தச் சமரச ஒப்பந்தமும் வெளியிடப்பட்டு, மன்றத்தின் ஒப்புதலுக்குப் பிறகே செல்லுபடியாகவேண்டும்.

கடைசியாக, பின்வாங்குதல், அதாவது கரையை விட்டு உள்ளே இடம்பெயர்வது. சில இடங்களைக் காப்பாற்ற முடியாது. அது உங்களுக்கும் தெரியும், அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லண்டனுக்காக 2012இல் வெளியான தேம்ஸ் கழிமுகம் 2100 திட்டம் இதற்கு ஒரு நல்ல நடைமுறை வைத்திருக்கிறது. எந்த ஆண்டு எதைக் கட்டுவது என்று முன்பே அடித்துச் சொல்லாமல், கடல்மட்டம் உள்ளிட்ட 10 அளவுகளைத் தொடர்ந்து கவனித்து, அவை மாறும் வேகத்துக்கேற்ப முடிவுகளை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். இதையே இடம்பெயர்வுக்கும் செய்யலாம். கரை இந்த அடையாளக் கல்லைத் தொட்டால் பேச்சு தொடங்கும், இதைத் தொட்டால் வீட்டை வாங்கிக்கொள்ளும் விலை இந்த முறையில் கணக்கிடப்படும், இதைத் தொட்டால் புது இடத்தில் வீடு தயாராக இருக்கவேண்டும் என்று இப்போதே, புயல் இல்லாத நாளில், உட்கார்ந்து கையெழுத்துப் போடலாம். புயலுக்கு மறுநாள் முகாமில் பாயில் படுத்திருப்பவரிடம் நீட்டும் காகிதம் ஒப்பந்தம் ஆகாது.

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம், பருவநிலையைக் காக்கும் கடமை அரசுகளுக்குச் சட்டப்படி உண்டு, அதை மீறினால் பொறுப்பேற்க நேரிடும் என்று கருத்துரை தந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்திலிருந்து யாரும் உங்கள் கரையில் கல் லாரியை நிறுத்த வரமாட்டார்கள். அந்த வேலை உங்களுடையது.

அடுத்த மாநகர மன்றக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருளைச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கையில் இருக்கும் கரையோரத் திட்டங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாருடைய கரை, யாருடைய தொழில் பாதிக்கப்படும், அவர்களிடம் இதுவரை யார் பேசியிருக்கிறார், அவர்கள் மறுப்புச் சொன்னால் எந்த மன்றம் எத்தனை நாளில் கேட்கும், அதுவரை வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுதிப் பாருங்கள். காலியாக இருக்கும் கட்டங்களை நிரப்பும்வரை அந்தத் திட்டங்களுக்குப் பணி ஆணை தராதீர்கள். அந்தத் தாளைப் பொதுமக்கள் பார்க்கும்படி கரையிலேயே ஒரு பலகையில் ஒட்டிவையுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
கரையோர வழக்குகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒருவர்